விழித்திரைப் புற்றும் நட்சனின் இரு தாக்குதல் கொள்கையும்

புற்றுநோய் சில குடும்பங்களில் தலைமுறை தோறும் தோன்றுவதையும், முன்னோர் எவருக்கும் அந்நோய் இல்லாத பலருக்குத் திடீரெனத் தோன்றுவதையும் மருத்துவர்கள் நெடுங்காலமாகவே அறிவர். இவ்விரண்டும் வெவ்வேறு நோய்களா, அன்றி ஒரே நோயின் இரு வழிகளா என்ற வினாவுக்கு 1971-ஆம் ஆண்டில் நான்கே பக்கங்கள் கொண்ட ஒரு கட்டுரை விடை கூறிற்று. அதனை எழுதியவர் ஆல்பிரட் நட்சன் (1922-2016) என்னும் அமெரிக்க அறிஞர். அவர் குழந்தை மருத்துவர்; பாரம்பரிய இயலிலும் பயிற்சி பெற்றவர். அப்போது ஹூஸ்டன் நகரில் எம். டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனையில் பணியாற்றி வந்தார்.

அவர் ஆராய்ந்தது விழித்திரைப் புற்று. சுமார் 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் இந்நோய், பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே வெளிப்படுகிறது. நட்சன் சோதனைக் குழாயையோ நுண்பெருக்கியையோ நாடவில்லை. 48 நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளை எடுத்துக்கொண்டு கணக்கிட்டார். இரு கண்களிலும் கட்டி தோன்றிய குழந்தைகளுக்கு நோய் மிக இளம் வயதிலேயே கண்டறியப்பட்டது. ஒரே கண்ணில் தோன்றியோருக்கு அது பிந்தியே கண்டறியப்பட்டது. இன்னும் கண்டறியப்படாதோரின் விகிதத்தை வயதுக்கு எதிராக வரைந்து பார்த்தபோது, முதல் வகையினரின் கோடு ஒரே ஒரு தற்செயல் நிகழ்ச்சிக்கும், இரண்டாம் வகையினரின் கோடு இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் பொருந்தக் கண்டார்.

இதன் பொருளை இவ்வாறு விளக்கலாம். ஒவ்வோர் உயிரணுவிலும் தந்தை வழி ஒன்றும் தாய் வழி ஒன்றுமாக ஒரே ஜீனின் இரண்டு படிகள் உள்ளன. உயிரணுவின் வளர்ச்சியை அடக்கி வைக்கும் ஜீன் ஒன்றை, களஞ்சியக் கதவிலிட்ட இரட்டைப் பூட்டாகக் கருதுவோம். இரண்டும் உடைந்தாலன்றிக் கதவு திறவாது. இயல்பான குழந்தையிடம் ஒரே உயிரணுவில் இரண்டு பூட்டும் உடைவது மிக அரிது; நேர்ந்தாலும் ஓரிடத்தில்தான் நேரும். பாரம்பரியமாகப் பழுது பெற்ற குழந்தைக்கோ உடலின் எல்லா உயிரணுக்களிலும் ஒரு பூட்டு பிறக்கும்போதே உடைந்துள்ளது. எஞ்சிய ஒன்று எங்கேனும் உடைந்தாலே போதுமாதலால், கட்டிகள் விரைவாகவும் பலவாகவும் தோன்றுகின்றன.

பழுதுற்ற ஜீனைப் பெற்றும் நோயின்றி வாழ்வோர் சிலர் உண்டு. இதற்கும் நட்சனின் கணக்கு விடை தந்தது. அத்தகையோருக்குச் சராசரியாக மூன்று கட்டிகள் தோன்றுகின்றன என்று அவர் மதிப்பிட்டார். ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே செய்து காட்டலாம். தரையில் 100 சமக் கட்டங்கள் வரைந்து, அவற்றின்மீது 300 பயறுகளை ஒழுங்கின்றித் தூவுக. சராசரி கட்டத்துக்கு மூன்று. ஆயினும் ஏறத்தாழ ஐந்து கட்டங்கள் வெறுமையாகவே நிற்கும். நூற்றுக்கு ஐவர் தப்புவதும் இவ்வாறே. அவர்கள் தப்பினரேயன்றி, அவர்தம் பிள்ளைகளுக்குப் பழுது செல்லும் வாய்ப்பு பாதிக்குப் பாதியாகவே இருக்கும்.

அக்காலத்தில் அந்த ஜீனை எவரும் கண்டதில்லை. கணிதத்தால் மட்டும் ஊகிக்கப்பட்ட ஒன்றை ஐயுற்றோர் இருந்திருப்பின் வியப்பில்லை. 1983-இல் கேவெனி முதலியோர், கட்டியின் உயிரணுக்களில் 13-ஆம் குரோமோசோமின் நல்ல படி இழக்கப்படுவதைக் காட்டினர். 1986-இல் அந்த ஜீனே பிரித்தெடுக்கப்பட்டது. புற்றை உண்டாக்கும் ஜீன்களை மட்டுமே தேடிவந்த ஆராய்ச்சி, இதன்பின் புற்றைத் தடுக்கும் ஜீன்களின் இழப்பையும் தேடலாயிற்று. 1989-இல் பி-53 என்னும் ஜீனும் இவ்வகையினதே என்று தெளிந்தது. நட்சன் தாமே 1972-இல் சிறுநீரகத்தில் தோன்றும் வில்ம்ஸ் கட்டிக்கும் தம் முறையைப் பொருத்திப் பார்த்தார். 1998-இல் லாஸ்கர் பரிசும், 2004-இல் கியோட்டோ பரிசும் அவருக்குக் கிடைத்தன. எனினும் எல்லாப் புற்றும் இரண்டே நிகழ்ச்சிகளால் விளைவதில்லை. முதியோரின் புற்றுகள் பலவற்றுக்கு மேலும் பல மாறுதல்கள் தேவைப்படுகின்றன.

கிராமங்களில் பணிபுரிவோர்க்கு இதில் நேரான பயன் ஒன்றுண்டு. குழந்தையின் கண்மணி வெளுத்து, மங்கிய ஒளியில் பூனைக்கண்போல் மின்னினாலோ, புதிதாக மாறுகண் தோன்றினாலோ, தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். வெண்மைக்குக் கண்புரை முதலிய வேறு காரணங்களும் உண்டு. அதனை மருத்துவரே முடிவு செய்வார். குடும்பத்தில் எவருக்கும் இல்லை என்று பெற்றோர் கூறுவதைக்கொண்டு அமைதியடைதல் கூடாது, பழுது புதிதாகவும் தோன்றுமாதலால். ஒரு குழந்தைக்கு நோய் உறுதியானால், உடன்பிறந்தாரின் கண்களையும் சோதிக்கச் செய்க. கட்டி கண்ணுக்குள் அடங்கியிருக்கும்போதே கண்டறிந்தால் பெரும்பாலும் உயிரையும், பல வேளைகளில் பார்வையையும் காக்க இயலும்.