திருவாதிரையின் பருமை

மார்கழி முன்னிரவிற் கல்முனைக்குடிக் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்குவோர்க்குச் செந்நிறத் திருவாதிரையும், அதற்குத் தெற்கே நீலவெண்ணிற ரைஜலும் ஒருசேரப் புலப்படும். இவ்விரண்டனுள் எது பெரிதென யாம் வகுப்பில் வினவுவதுண்டு. கண்ணுக்கு மிகுதியாக ஒளிரும் ரைஜலையே மாணவர் பெரிதென்பர். நிறமோ வேறு சாட்சி கூறுகின்றது.

கொல்லனுலையிற் காயும் இரும்பு முதலிற் சிவந்து, பின் மஞ்சளித்து, ஈற்றில் வெளுக்கும். விண்மீனும் அத்தகையதே. திருவாதிரையின் மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 3,600 கெல்வின் பாகை, ஞாயிற்றினது 5,800, ரைஜலினது 12,000. ஒரு சதுர அடிப் பரப்பினின்று வெளிப்படும் ஆற்றல் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப வளரும் என 1879இல் ஸ்டெபான் கண்டார். வெப்பநிலை இருமடங்காயின் ஆற்றல் பதினாறு மடங்காம். ஆகவே, ரைஜலின் ஒரு சதுர அடி, திருவாதிரையின் ஒரு சதுர அடியினும் நூறு மடங்குக்கு மேல் ஆற்றலைச் சொரிகின்றது. எனினும், கட்புலனாகாக் கதிர்களையுஞ் சேர்த்தெண்ணின் இரண்டின் மொத்த ஒளிர்வும் ஏறத்தாழ ஒன்றே. ஞாயிற்றினதைப்போல் ஓரிலட்சம் மடங்கு. தணிந்த தணல் இவ்வளவு ஆற்றலைத் தருவது பரப்பு மிகுதியினாலன்றோ! பரப்பு நூறு மடங்காயின் ஆரை பத்து மடங்கு.

கணக்கு எளிது. ஞாயிற்றோடு ஒப்பிட்ட ஒளிர்வின் வர்க்கமூலத்தை, வெப்பநிலை விகிதத்தின் வர்க்கத்தால் வகுத்தால், ஆரை ஞாயிற்றினதைப்போல் எத்தனை மடங்கென்பது வரும். திருவாதிரைக்கு ஏறத்தாழ 800. ரைஜலுக்கு எழுபது எண்பது. (தமிழாசிரியர்க்குக் கணக்கெதற்கு என்பார் உளர். காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளும் விஞ்ஞானம் கற்பித்தவரே.) தூரத்தைப் பிழையாகக் கொண்டால் ஒளிர்வும் பிழைக்கும், ஆரையும் பிழைக்கும், ஆதலின் 800 என்பதை இறுகப் பற்றுதலாகாது. ஆயினும், ஞாயிற்றின் இடத்தில் திருவாதிரையை வைப்பின் நம் பூமி அதன் வயிற்றினுள்ளே கிடக்கும். 1920இல் மைக்கல்சனும் பீசும் வில்சன் மலையில் அதன் கோணவிட்டத்தை நேரே அளந்தபோதும் அது பேருருவினதென்றே தெரிந்தது.

இவ்விரண்டுக்கும் பின் எழும் சிரியசுக்கு மங்கலான துணைமீன் ஒன்றுண்டு. அதன் ஒளிர்வு ஞாயிற்றினதில் நாற்பதிலொரு பங்கு, வெப்பநிலையோ 25,000. மேற்கூறிய கணக்கை இட்டால் அதன் ஆரை பூமியினதினுஞ் சற்றுக் குறைவு! நிறையோ ஞாயிற்றின் நிறை. முதலிற் பலரும் நம்பத் தயங்கினர். இத்துணைச் செறிந்த பொருள் நிலைபெறுமாற்றை 1926இல் ஃபவுலர் விளக்கினார். 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய பத்தொன்பது வயதுத் தமிழிளைஞர் சந்திரசேகர் அவ்விளக்கத்தை வழியிலேயே மேலுமாராய்ந்தார். இத்தகைய வெண்குறுமீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு. அது ஞாயிற்றினதைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்பது அவர் பின்னர் நிறுவிய முடிபு. 1935இல் எடிங்டன் அதனை அவையிலே எள்ளினார். நோபல் பரிசு 1983இல் வந்தது.