நமக்கு இனிப்பு, நாய்க்கு நஞ்சு!

ஹவுராவில் நம்மவர்கள் வீட்டுக்குப் போனால் பெரும்பாலும் இரண்டு பேரைச் சந்திக்கலாம். ஒருவர் சர்க்கரை வியாதிக்காரர். இன்னொருவர் வாசலிலேயே வாலை ஆட்டிக்கொண்டு வரவேற்பவர். (எங்கள் வீட்டில் நாய் கிடையாதே என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே படுத்திருக்கும் தெரு நாய்க்கு ராத்திரி மிஞ்சிய மோர் சாதம் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்தான்!) இந்த இருவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் வரக்கூடிய ஓர் ஆபத்தைப் பற்றித்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

வீட்டில் ஒருவருக்கு சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்னதும் முதலில் என்ன நடக்கிறது? அலமாரியிலிருந்து சர்க்கரை டப்பா வெளியேறுகிறது. அந்த இடத்தில் ‘ஷுகர் ஃப்ரீ’ என்று எழுதிய மாத்திரை, பொட்டலம், பிஸ்கட், மிட்டாய், சூயிங் கம் எல்லாம் வந்து உட்காருகின்றன. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோ பெண்ணோ விடுமுறைக்கு வரும்போது, “அப்பாவுக்கு இது நல்லது” என்று இன்னும் நாலு டப்பா கொண்டுவந்து அடுக்கிவிட்டுப் போகிறார்கள். இவையெல்லாம் கெடுதல் செய்யாத சாமான்கள் என்று நம் மனதில் பதிந்துவிடுகிறது. அதனால் மேஜை மேல், தலைமாட்டில், கைப்பைக்குள் என்று சர்வ சாதாரணமாகக் கிடக்கும். காலடியில் உட்கார்ந்து ஏக்கத்துடன் பார்க்கும் ஜீவனுக்கும் ஒரு துண்டு கிள்ளிப் போடுவோம்.

அந்தச் சாமான்களில் ஒரே ஒரு சரக்குதான் நாய்க்கு எமன். அதன் பெயர் சைலிட்டால்.

செயற்கை இனிப்பு என்றாலே பயப்படுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. 1879-ல் அமெரிக்காவில் நிலக்கரித் தாரை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது தற்செயலாகக் கிடைத்தது சாக்கரின். அது முதல் இந்த வகைப் பொருள்களின் மீது ஒரு சந்தேகம் இருந்துகொண்டே வருகிறது. ஆனால் நாய் விஷயத்தில் அந்தச் சந்தேகம் தவறான ஆளைப் பிடிக்கிறது. சாக்கரின், அஸ்பர்டேம், சுக்ரலோஸ் ஆகிய அசல் ‘செயற்கை’ சரக்குகள் நாயின் ரத்தச் சர்க்கரையைத் திடீரென்று கீழே தள்ளுவதில்லை. அதிகம் தின்றால் வயிறு கெடலாம், அவ்வளவுதான். சைலிட்டாலோ இயற்கையில் இருப்பது. ஸ்ட்ராபெரி, பிளம்ஸ் போன்ற பழங்களில் மிகச் சிறிய அளவில் உண்டு. 1891-ல் ஜெர்மன் ரசாயன அறிஞர் எமில் ஃபிஷரின் ஆய்வுக்கூடத்தில் தயாரானது. பின்லாந்து நாட்டில் பிர்ச் மரத்திலிருந்து எடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் மக்காச்சோளக் கதிரின் சக்கையிலிருந்து எடுக்கிறார்கள். ஆகவே சில டப்பாக்களில் ‘இயற்கை இனிப்பு’, ‘பிர்ச் சர்க்கரை’ என்று கௌரவமாகவே எழுதியிருக்கும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

மனிதர்களுக்கு இது நல்ல சரக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல்லைச் சொத்தையாக்கும் கிருமிகளால் இதைத் தின்று வளர முடியாது. பின்லாந்தில் 1975-லேயே சைலிட்டால் சூயிங் கம் விற்பனைக்கு வந்துவிட்டது. நம் உடம்பில் இது மெதுவாகச் சேர்வதால் ரத்தச் சர்க்கரையும் அதிகம் ஏறாது, இன்சுலினும் அதிகம் சுரக்காது. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இதைச் சிபாரிசு செய்வதன் காரணம் அதுதான்.

நாயின் கணையத்துக்கு இந்த விவரம் புரிவதில்லை. சைலிட்டால் ரத்தத்தில் சேர்ந்ததும், ஏதோ மூட்டை மூட்டையாகச் சர்க்கரை வந்து இறங்கிவிட்டதாக நினைத்து, அது இன்சுலினைக் கொட்டித் தீர்க்கிறது. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 1960-களிலேயே இதைக் கண்டு எழுதினார்கள். இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிட மறந்தவருக்கு என்ன ஆகும் என்று நம் வீடுகளில் விளக்க வேண்டியதில்லை. கை கால் நடுங்கும், தலை சுற்றும், பேச்சு குழறும். நாய்க்கும் அதே ‘லோ ஷுகர்’தான். என்ன, அதற்கு வாய் திறந்து சொல்லத் தெரியாது. முதலில் வாந்தி எடுக்கும். பிறகு சோர்ந்து போகும், குடித்தவன் மாதிரித் தள்ளாடும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும், நினைவு தப்பும். இவ்வளவும் தின்ற அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நடந்துவிடலாம். சூயிங் கம்மாக இருந்தால் அதிலிருந்து மெதுவாகக் கசிவதால் பல மணி நேரம் கழித்தும் வரலாம்.

அதைத் தாண்டிய நாய்க்கு இன்னொரு கண்டம் காத்திருக்கிறது. ஓரிரு நாளில் கல்லீரல் பழுதாகி, ஈறும் கண்ணும் மஞ்சளாகி, மலம் கறுத்துப்போகும். ரத்தம் உறையாமல் உள்ளுக்குள் கசியும். முதலில் எந்தத் தள்ளாட்டமும் காட்டாமல் நேரே இந்த நிலைக்குப் போகும் நாய்களும் உண்டு. அமெரிக்காவில் இப்படிப் பாதிக்கப்பட்ட 8 நாய்களைப் பற்றி 2006-ல் மிருக வைத்தியர்கள் எழுதினார்கள். அவற்றில் 5 பிழைக்கவில்லை.

எவ்வளவு தின்றால் ஆபத்து? நாயின் எடை கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே ரத்தச் சர்க்கரை இறங்கலாம். கிலோவுக்கு 0.5 கிராம் போனால் கல்லீரலுக்கு ஆபத்து. நம் வீடுகளில் செல்லமாக வளரும் ஸ்பிட்ஸ் நாய் 6 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். அதற்கு 0.6 கிராமே அதிகம். சில சூயிங் கம்மில் ஒரு வில்லைக்கே ஏறக்குறைய 1 கிராம் சைலிட்டால் உண்டு. ஒரு வில்லை போதும்! சமையலுக்கென்று பொடியாக விற்பதைப் போட்டு மருமகள் கேக் செய்தால், ஒரு டீஸ்பூன் அளவுக்கு நாயின் வயிற்றில் போனாலும் கல்லீரல் வரைக்கும் விவகாரம் போய்விடும். 30 கிலோ லாப்ரடாருக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. ஆனால் லாப்ரடார் ஒரு வில்லையோடு நிறுத்திக்கொள்ளும் பிராணியா? காகிதத்தோடு முழு டப்பாவையும் விழுங்கிவிட்டு, ஒன்றும் தெரியாதது போல் நம் முகத்தைப் பார்க்கும்.

சூயிங் கம், மிட்டாயோடு விஷயம் முடியவில்லை. சில டூத் பேஸ்ட், வாய் கொப்பளிக்கும் மருந்து, சர்க்கரை சேர்க்காத இருமல் சிரப், சப்பிச் சாப்பிடும் வைட்டமின், அமெரிக்காவிலிருந்து வரும் தூக்க மாத்திரை இவற்றிலும் இருக்கலாம். வேர்க்கடலை வெண்ணெய் சிலவற்றிலும் உண்டு. நாய்க்கு மாத்திரை கொடுக்க அதைத்தான் பலர் உபயோகிக்கிறார்கள் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். நம்முடைய பேஸ்ட்டை எடுத்து நாய்க்குப் பல் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். நாய்க்குத் துப்பத் தெரியாது. நாய்க்கென்றே தனி பேஸ்ட் கடைகளில் கிடைக்கிறது.

டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் பூதக்கண்ணாடி வைத்தாவது படியுங்கள். சைலிட்டால் என்பது ஆங்கிலத்தில் ‘எக்ஸ்’ எழுத்தில் தொடங்கும். பெயர் இல்லாமல் 967 என்ற எண் மட்டும் இருக்கலாம், அதுவும் இதுவேதான். “அதிகம் சாப்பிட்டால் பேதியாகலாம்” என்று நமக்காக ஓர் எச்சரிக்கை இருக்கும். நாய்க்காக ஒரு வரி இருக்கிறதா என்று என் வீட்டு அலமாரியில் உள்ள அத்தனை டப்பாவையும் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில்கூட இல்லை.

சரி, தின்றுவிட்டது. என்ன செய்வது? இங்கேதான் ஹவுராக்காரர்களுக்குத் தனிச் சங்கடம். நம் பக்கத்தில் மிருகங்களுக்குப் பெயர் பெற்ற பழைய இடம் பேல்காச்சியா. 1893-ல் வங்காள கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிய இடம் அது. 1995 முதல் மேற்கு வங்கத்தின் கால்நடை, மீன்வளப் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. ஷிப்பூரிலிருந்து ஆபீஸ் நேரத்தில் கிளம்பிப் பாலத்தைத் தாண்டி அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பதை நான் சொல்ல வேண்டுமா? பாலத்து நடுவில் பஸ்ஸுக்கும் கைவண்டிக்கும் இடையே மாட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த அரை மணி தீர்ந்துவிடும். ஆகவே உங்கள் பேட்டையில் எந்த மிருக வைத்தியர் ராத்திரியிலும் வருவார், யாரிடம் குளுக்கோஸ் ஏற்றும் வசதி இருக்கிறது என்று இன்றைக்கே விசாரித்து, நம்பரைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

தின்றது தெரிந்த உடனே, அது நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்தாலும், போன் செய்யுங்கள். வாந்தி எடுக்க வைக்கலாமா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். உப்புக் கரைசலை வாயில் ஊற்றும் பாட்டி வைத்தியம் வேண்டவே வேண்டாம், உப்பே தனி விஷமாகிவிடும். தள்ளாட ஆரம்பித்துவிட்டால் தேனையோ கெட்டியான சர்க்கரைப் பாகையோ விரலால் ஈறில் தடவிக்கொண்டே வண்டியைப் பிடியுங்கள். நினைவு இல்லாத நாயின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக் குழலுக்குள் போய்விடும். தின்ற பொருளின் காகிதத்தையோ டப்பாவையோ மறக்காமல் எடுத்துப் போங்கள். “ஏதோ மிட்டாய் தின்றது டாக்டர்” என்பதற்குப் பதிலாக அந்தப் பெயரைக் காட்டினால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். குளுக்கோஸ் ஏற்றி, குறைந்தது 12 மணி நேரம் ரத்தச் சர்க்கரையைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். கல்லீரலுக்காக மூன்று நாள் ரத்தப் பரிசோதனை நடக்கும். சர்க்கரை இறங்கியதோடு நின்ற நாய்கள், சீக்கிரம் கொண்டுபோனால் பெரும்பாலும் பிழைத்துவிடுகின்றன.

இதில் ஒரு வேடிக்கை. சர்க்கரை வியாதிக்காரர் வீட்டில் அவசரத்துக்குத் தேனும் இருக்காது, சர்க்கரையும் இருக்காது! ஒரு குளுக்கோஸ் பாக்கெட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவருக்கே ஒரு நாள் அது தேவைப்படலாம்.

பூனை வளர்ப்பவர்கள் தங்கள் செல்லத்துக்கு என்ன என்று கேட்கலாம். 2018-ல் வெளியான ஒரு சோதனையில் பூனைகளுக்கு இந்தப் பாதிப்பு காணப்படவில்லை. தவிர, பூனையின் நாக்குக்கு இனிப்புச் சுவையே தெரியாது. சூயிங் கம்மைத் தேடிப் போக அதற்கு ஒரு காரணமும் கிடையாது.

கடைசியாக, வேலைக்கு வரும் மாஷியிடமும் இதைச் சொல்லிவையுங்கள். கெடு தேதி தாண்டிய மிட்டாயையும் இருமல் சிரப்பையும் அவர்தான் தெருமுனைக் குப்பையில் கொண்டுபோய்ப் போடுகிறார். அந்தக் குப்பையை முதலில் கிளறுவது மாடிப்படிக்குக் கீழே படுத்திருக்கும் அந்த நாய்தான். சிரப்பைக் கழிவறையில் கொட்டிவிட்டு, மிட்டாயை மூடி இறுகிய ஒரு பழைய டப்பாவில் போட்டு அனுப்புங்கள்.