தந்தையர் விடுப்பு: அறிவோம், உரிய காலத்தில் பெறுவோம்

குழந்தை பிறந்த வீட்டில் முதல் சில வாரங்களின் பொறுப்பு தாய்க்கு மட்டும் உரியதன்று. மருத்துவமனை அலைச்சல், பிறப்புச் சான்றிதழ், இரவுக் கண்விழிப்பு என அனைத்திலும் தந்தைக்குப் பங்குண்டு. ஆயினும், அதற்கென அவருக்கு எத்தனை நாள் கிடைக்கும் என்பது அவர் யாரிடம் பணிபுரிகிறார் என்பதைப் பொறுத்தே அமைகிறது. ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள ஹவுரா நகரமே இதற்குத் தக்க சான்று.

ஒரே நகரம், மூன்று நிலை

ஹவுரா ரயில் நிலையத்தில் பணிபுரியும் ஊழியர் மத்திய அரசைச் சார்ந்தவர். ஐந்தாவது ஊதியக் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 1997 முதல் மத்திய அரசின் ஆண் ஊழியர்களுக்கு முழு ஊதியத்துடன் 15 நாள் தந்தையர் விடுப்பு வழங்கப்படுகிறது. இரண்டுக்கும் குறைவான பிள்ளைகள் உடையோர் இதனைப் பெறலாம். இந்நாட்கள் விடுப்புக் கணக்கில் கழிக்கப்படுவதில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுப்போருக்கும் இதே அளவு விடுப்பு உண்டு.

மேற்கு வங்க அரசின் தலைமைச் செயலகமான நபன்னாவும் 2013 முதல் ஹவுராவில்தான் இயங்கி வருகிறது. 2016இல் மாநில அரசு தன் ஆண் ஊழியர்களுக்கு, தந்தையர் விடுப்பையும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பையும் இணைத்து 30 நாள் வழங்கியது. பிள்ளை 18 வயதை எட்டும் வரை இதனைப் பயன்படுத்தலாம் என்பது இதன் சிறப்பு. பெண் ஊழியர்களுக்கோ 730 நாள் உண்டு. மனைவியை இழந்து பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் ஊழியர் ஒருவர் அதே அளவைக் கோரியபோது, அதனை ஆராய்ந்து முடிவெடுக்குமாறு கல்கத்தா உயர் நீதிமன்றம் 2024இல் அரசைப் பணித்தது.

அதே நகரின் வார்ப்படப் பட்டறைத் தொழிலாளியின் நிலை வேறு. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, தாய்க்கு 26 வார விடுப்பு தந்தது. தந்தையைப் பற்றி அது எதுவும் கூறவில்லை. அவ்வாண்டில் நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதாவாக முன்வைக்கப்பட்ட தந்தையர் பயன் மசோதாவும் சட்டமாகவில்லை. ஆகவே, தனியார் துறையில் இது நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே உள்ளது.

நாம் செய்ய வேண்டுவன

பொதுத்துறை வங்கி ஊழியர்களாகிய எங்களுக்கு 2015ஆம் ஆண்டின் இருதரப்பு ஒப்பந்தத்தால் 15 நாள் கிடைத்தது. மத்திய அரசு ஊழியர்களைப் போலவே நாங்களும் பேறுகாலத்துக்கு 15 நாள் முன்பிருந்து, குழந்தை பிறந்த ஆறு மாதங்களுக்குள் இதனை எடுக்க வேண்டும். தவறினால் உரிமை காலாவதியாகும். எனவே, மருத்துவர் குறித்த பேறுகால நாளைக் காட்டி முன்கூட்டியே எழுத்து மூலம் விண்ணப்பிப்பது நலம்.

தனியார் துறையினர் பணி நியமனக் கடிதத்தையும் நிறுவன விதிகளையும் இப்போதே படித்தறிய வேண்டும். அவற்றில் இடமில்லையெனில், ஈட்டிய விடுப்பைச் சேர்த்து வைக்கலாம். விடுப்பு எடுத்தால் அன்றைய கூலியை இழப்போர், மனைவி கருவுற்ற செய்தி அறிந்த மாதமே குறுகிய காலத் தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்கலாம். சட்டம் தராத சில நாட்களை அச்சேமிப்பு தரும். தாயும் சேயும் வீடு திரும்பும் நாளில் தந்தையும் உடனிருப்பார்.