குற்றம் உணரியினதா?



காய்ச்சல் கண்டவனின் உடல் வெப்பத்தை வெப்பமானி காட்டுகின்றது. அது காட்டும் எண் பிடிக்கவில்லை என்பதற்காக அதனை வீசிவிட்டுப் புதிதொன்று வாங்குவார் எவருமிலர். ஆயினும், மோட்டார் வண்டியின் புகைக்குழாயை மாற்றியமைத்த பின்னர் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கினால், ஒட்சிசன் உணரியை மாற்றுவதே முதல் வைத்தியமாகி விடுகின்றது. புதிய உணரி பூட்டியதும் விளக்கு அணைகின்றது. சில நாட்களில் மீண்டும் எரிகின்றது. மற்றுமோர் உணரி வாங்கப்படுகின்றது. மாதச் சம்பளம் பெறும் குடும்பத்துக்கு இஃது எளிய செலவன்று. இவ்வாறு நிகழ்வதற்குக் காரணம் யாது?

முதலில் உணரியின் தொழிலை அறிவோம். ஒரு பங்கு நிறையுள்ள பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 பங்கு நிறையுள்ள காற்று வேண்டும். இவ்விகிதம் பேணப்படுகின்றதா என்பதை, வெளியேறும் புகையில் எஞ்சிய ஒட்சிசனைக் கொண்டு அறிவதே இக்கருவியின் கடமை. ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் ஆக்கிய இக்கருவி, 1976 ஆம் ஆண்டில் சுவீடனின் வொல்வோ வண்டிகளில் முதன்முதலாக இடம்பெற்றது. அதனுள்ளே சேர்க்கோனியம் ஒட்சைட்டினாலான சிறு கிண்ணம் ஒன்று உண்டு. அதன் வெளிப்புறத்தைப் புகையும் உட்புறத்தைத் தூய காற்றும் தழுவுகின்றன. ஏறக்குறைய 300 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமேறியதும், இருபுறத்து ஒட்சிசனின் வேறுபாட்டுக்கேற்ப மின்னழுத்தம் பிறக்கின்றது. புகையில் ஒட்சிசன் மிகுந்தால் 0.1 வோல்ற்று அளவும், குறைந்தால் 0.9 வோல்ற்று அளவும் தோன்றும். அதற்கேற்ப வண்டியின் கணினி எரிபொருளைக் கூட்டியும் குறைத்தும் வழங்குகின்றது. புதிய வண்டிகள் பலவற்றில் முன் உணரி வேறு வகையினதாயினும் அதன் நோக்கம் இதுவே.

புகையின் நச்சைக் குறைக்கும் ஊக்கிப் பெட்டிக்கு முன்னே ஓர் உணரியும் பின்னே ஓர் உணரியும் உள்ளன. முன்னதன் அளவு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஊக்கி ஒட்சிசனைச் சேமித்துச் செலவிடுவதால் பின்னதன் அளவு பெரிதும் நிலையாக நிற்கும்.

இனி, குழாயை மாற்றுவதால் விளையும் கேடுகளைக் காண்போம். ஊக்கிப் பெட்டியை அகற்றி வெறுங்குழாய் பூட்டினால், பின் உணரியும் முன் உணரியைப் போலவே ஏறி இறங்கும். "ஊக்கி வேலை செய்யவில்லை" என்று கணினி முறையிடும். அம்முறையீடு முற்றிலும் உண்மை. அங்கே எத்தனை உணரிகளை மாற்றினும் பயனில்லை.

இரண்டாவது, மூட்டுக்களில் ஏற்படும் கசிவு. புகை துடிப்புத் துடிப்பாகவே வெளியேறுகின்றது. இரு துடிப்புகளுக்கு இடையே, முன் உணரிக்கு மேற்பட்ட கசிவின் வழியாக வெளிக்காற்று உள்ளே நுழையும். உணரி தான் கண்ட ஒட்சிசனை உள்ளபடி கூறும். கணினியோ பெற்றோல் போதவில்லை எனக் கருதி மேலும் ஊற்றும். செலவு கூடும்; ஊக்கியும் அளவுக்கு மீறிச் சூடேறிக் கெடும்.

மூன்றாவது, உணரியை இயந்திரத்திலிருந்து தொலைவில் நகர்த்துதல். அங்கே வெப்பம் குறையும். நீட்டப்பட்ட கம்பி சூடான குழாயில் பட்டு உருகும். நான்காவது, மூட்டில் பூசும் சிலிக்கன் பசை. தகாத பசையின் ஆவி உணரியின் மேற்பரப்பை மூடி அதனைக் குருடாக்கும்.

ஆதலின் ஆராயும் முறை இதுவாதல் வேண்டும். கணினி தந்த குறியீடு எந்த உணரியைச் சுட்டுகின்றது, அதன் சூடாக்கியையா சமிக்ஞையையா என்று முதலில் அறிக. சூடாக்கியாயின் உருகியையும் கம்பியையும் பார்க்க. அடுத்து, இயந்திரம் குளிர்ந்திருக்கையில் இயக்கி, மூட்டுக்களில் "டிக் டிக்" என்னும் ஒலியும் கரிப் படிவும் உண்டா எனக் கவனிக்க. உலோகம் சூடேறி விரிந்ததும் சிறு கசிவு மறைந்துவிடலாம். கணினி கூட்டிக் கொடுக்கும் எரிபொருள் வண்டி நிற்கையில் மிகுந்தும், வேகத்தில் குறைந்தும் இருப்பின், கசிவின் ஐயம் வலுக்கும். இவையனைத்தும் செவ்வையாயிருந்தால் மட்டுமே உணரியை ஐயுறுக.

புதிய உணரி பூட்டியதும் விளக்கு அணைந்ததே எனச் சிலர் வினவலாம். பூட்டும்போது கணினியின் குறிப்பும் அழிக்கப்படுகின்றது. அதனாலேயே விளக்கு அணைந்தது. பெரும்பாலான வண்டிகளில், அடுத்தடுத்த இரு பயணங்களில் அதே குறை காணப்பட்டால் விளக்கு மீண்டும் எரியும்.

இதிற் பணத்தினும் பெரியதொன்று உண்டு. கசியும் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது வண்டிக்குள் புகுந்தால், பின்னிருக்கையில் உறங்கும் குழந்தை எச்சரிக்கையின்றியே மயங்கும். ஆகவே, விளக்கு மீண்டும் எரிந்தால், உணரியைக் கழற்றுவதற்கு முன்னர் அது சொல்லும் செய்தியைச் செவிமடுப்போமாக.