கட்டபொம்மனை இரண்டு முறை போருக்கு அனுப்பாதீர்கள்!
ஊர் வரலாற்றை நாலெட்ஜ் கிராஃப் ஆக்குவது எப்படி?

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போகிறவர்கள் கயத்தாறில் கட்டபொம்மன் சிலையைப் பார்த்திருப்பீர்கள். 1799 அக்டோபர் 16-ல் அவர் தூக்கிலிடப்பட்ட ஊர் அது. இந்தக் கரிசல் பகுதியின் வரலாற்றைக் கம்ப்யூட்டரில் தொகுக்க இப்போது பலருக்கும் ஆசை. பள்ளி ஆண்டு மலர், கோயில் மலர், குடும்ப வரலாறு என்று ஏதாவது ஒரு வேலை இருந்து கொண்டே இருக்கிறது. சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற மொழி மாடல்களிடம் கட்டுரைகளைக் கொடுத்தால் நிகழ்ச்சிகளைப் பட்டியலிட்டுத் தந்துவிடும். ஆனால் அந்தப் பட்டியலை அப்படியே நம்பினால், இறந்து போனவர் இரண்டு ஆண்டு கழித்துப் போர் செய்வார்! இதைத் தவிர்க்கும் வழியைப் பார்ப்போம்.

நாலெட்ஜ் கிராஃப் என்றால் என்ன?

விவரங்களைப் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் சேமிக்கும் முறைதான் இது. புள்ளிக்கு நோட் என்றும் கோட்டுக்கு எட்ஜ் என்றும் பெயர். கட்டபொம்மன் ஒரு நோட். கயத்தாறு ஒரு நோட். இரண்டையும் நேரடியாக இணைத்தால் அவர் அங்கே பிறந்தாரா, இறந்தாரா என்று தெரியாது. எனவே "தூக்கிலிடப்பட்டது" என்ற நிகழ்ச்சியையே தனி நோட் ஆக்கி, அதற்கு தேதி, இடம், சம்பந்தப்பட்டவர்கள் என்று கோடு போட வேண்டும். 2012-ல் தொடங்கப்பட்ட விக்கிடேட்டாவிலும் போர் போன்ற நிகழ்ச்சிகளுக்கு இப்படித்தான் தனிப் பக்கமும் தனி எண்ணும் இருக்கின்றன.

சிக்கல் எங்கே?

உங்களிடம் உள்ள கட்டுரைகளில் இந்த ஐந்து வரிகள் இருப்பதாக வைத்துக் கொள்வோம்.

1. 1799 செப்டம்பர் 5-ல் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார்.
2. அதே ஆண்டு அக்டோபர் 16-ல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார்.
3. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடிக்கப்பட்ட கோட்டையை மீண்டும் கட்டினார்.
4. அதே ஆண்டு மே 24-ல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை ஆங்கிலேயர் வசமானது.
5. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை 1974-ல் கட்டப்பட்டது.

முதல் வரியும் நான்காம் வரியும் ஒரே கோட்டையைப் பற்றியவை. எனவே மாடல் இரண்டையும் "பாஞ்சாலங்குறிச்சிப் போர்" என்று ஒன்றாக்கிவிடக் கூடும். அப்போது 1801 போரிலும் கட்டபொம்மன் வந்து நிற்பார். ஐந்தாவது வரி அதைவிட வேடிக்கை. 1974-ல் அரசு கட்டியது நினைவுக் கோட்டை. அது தெரியாவிட்டால், 1799-ல் தாக்கப்பட்ட கோட்டை 1974-ல்தான் கட்டப்பட்டது என்று கிராஃபில் பதிவாகிவிடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஒரு கட்டுரையில் "ஆஷ் கொலை" என்றும், இன்னொன்றில் "மணியாச்சி சம்பவம்" என்றும், மற்றொன்றில் "வாஞ்சிநாதன் கலெக்டரைச் சுட்டது" என்றும் இருக்கும். மூன்றும் 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் நடந்த ஒரே நிகழ்ச்சிதான். மாடலோ மூன்று நோட் போட்டுவிடும்.

மாடலிடம் எப்படிக் கேட்பது?

"வரலாற்று நிகழ்ச்சிகளைச் சொல்" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். கட்டுரையை பேஸ்ட் செய்து, கீழே இப்படி டைப் செய்யுங்கள்:

"மேலே உள்ள கட்டுரையில் குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட இடத்தில் நடந்தவற்றை மட்டும் அட்டவணையாகக் கொடு. நிகழ்ச்சி, தேதி, ஊர், சம்பந்தப்பட்டவர்கள், மூல வாக்கியம் என ஐந்து காலம் வேண்டும். 'அதே ஆண்டு' என்று இருந்தால் முன் வரியைப் பார்த்து ஆண்டை எழுது. கட்டுரையில் இல்லாததை நிரப்பாதே, காலியாக விடு. எந்த நிகழ்ச்சியையும் ஒன்றாகச் சேர்க்காதே."

கடைசி வாக்கியம் முக்கியம். சேர்ப்பதா, பிரிப்பதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரிபார்க்கும் முறை

அட்டவணையை எக்செலில் பேஸ்ட் செய்து கொள்ளுங்கள். பிறகு வரிசையாக இவற்றைச் செய்யுங்கள்.

* மூல வாக்கியத்தில் நான்கைந்து சொற்களை காப்பி செய்து, கட்டுரை ஃபைலில் கண்ட்ரோல் + எஃப் கொடுத்துத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அந்த வரியை நீக்கிவிடுங்கள். அது மாடலின் சொந்தச் சரக்கு.

* இரண்டு வரிகள் ஒன்றா என்று சந்தேகம் வந்தால் தேதி, ஊர், முக்கிய நபர் மூன்றையும் ஒப்பிடுங்கள். மூன்றும் பொருந்தினால் மட்டும் ஒன்றாக்குங்கள்.

* ஊர்ப் பெயரை வைத்து ஒப்பிடுங்கள், மாவட்டத்தை வைத்து வேண்டாம். மணியாச்சி 1911-ல் திருநெல்வேலி மாவட்டம். 1986-ல் மாவட்டம் பிரிந்ததால் இப்போது தூத்துக்குடி மாவட்டம்.

* ஒவ்வொருவரின் இறப்புத் தேதியையும் ஒரு காலத்தில் எழுதி, அதற்குப் பிந்தைய நிகழ்ச்சியில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சிலை திறப்பு, நினைவு விழா தவிர வேறு எதிலாவது இருந்தால் எங்கோ தவறாகச் சேர்த்திருக்கிறீர்கள்.

* "ஆதாரம்" என்று இன்னொரு காலம் போட்டு ஆவணம், நூல், சினிமா, வாய்மொழி என்று குறியுங்கள். 1959-ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படக் காட்சிகளை நடந்ததாகவே எழுதும் கட்டுரைகள் உண்டு. மாடலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

படமாகப் பார்க்க

இலவச சாஃப்ட்வேரான கெஃபியை இன்ஸ்டால் செய்யுங்கள். எக்செலில் புதிய ஷீட் திறந்து, ஆங்கிலத்தில் சோர்ஸ், டார்கெட் என்று இரண்டு தலைப்பு கொடுங்கள். சோர்ஸில் நிகழ்ச்சி, டார்கெட்டில் நபர் அல்லது ஊர். நிகழ்ச்சியின் பெயரோடு ஆண்டையும் சேர்த்து "கோட்டைத் தாக்குதல் 1799" என்பதுபோல எழுதினால் குழப்பம் வராது. சேவ் ஆஸ் கொடுத்து சிஎஸ்வி யூடிஎஃப்-8 வகையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வி கொடுத்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறியாகிவிடும். பிறகு கெஃபியில் ஃபைல் மெனுவில் இம்போர்ட் ஸ்பிரெட்ஷீட் கிளிக் செய்தால் போதும். எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் ஃபான்டை நிர்மலா யூஐ என்று மாற்றுங்கள்.

கரிசல் ஊர்களின் வரலாற்றில் பல செய்திகள் இன்னும் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. அதை முதலில் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர் நீங்களாக இருக்கலாம். நீங்கள் போட்ட நோட்டை அடுத்தவர் காப்பி செய்வார், அதையே நாளைய மாடலும் படிக்கும். ஊமைத்துரை நடத்திய போரை அண்ணன் கணக்கில் எழுதிவிட்டால், தம்பி செய்ததைத் தேடி எடுக்க ஆள் இருக்காது. முதலில் உங்கள் ஊரைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரையை எடுத்து, பத்து நிகழ்ச்சிகளோடு தொடங்கிப் பாருங்கள்.