கணிப்பொறி உருட்டும் பகடை

பகடையை உருட்டினால் ஒன்று முதல் ஆறு வரை எந்த எண்ணும் விழலாம். எல்லாவற்றிற்கும் வாய்ப்புச் சமமே. முன் விழுந்த எண்ணைக் கொண்டு பின் விழப்போவதை அறிய இயலாது. இவ்வாறு கிடைக்கும் எண்களைச் சமவாய்ப்பு எண்கள் என்பர்.

இவை விளையாட்டிற்கு மட்டும் உரியன அல்ல. பல்லாயிரம் வீடுகளுள் நூறு வீடுகளை நடுவுநிலையோடு தேர்ந்து ஆராய விரும்பும் புள்ளியியலார்க்கும், பொருள்களினூடே நியூட்ரான்கள் செல்லும் போக்கைக் கணக்கிடும் அறிவியலார்க்கும் இவை இன்றியமையாதன. 1927ஆம் ஆண்டில் டிப்பெட் என்னும் ஆங்கிலேய அறிஞர் 41,600 இலக்கங்கள் கொண்ட அட்டவணை ஒன்றை வெளியிட்டார். எனினும், விரைந்து கணக்கிடும் கணிப்பொறிகள் தோன்றியபின் அத்தகைய அட்டவணைகள் போதவில்லை. கணிப்பொறியே தனக்கு வேண்டிய எண்களை ஆக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

கணிப்பொறியோ இட்ட கட்டளையை இம்மியும் பிசகாது நிறைவேற்றுவது. அஃது எவ்வாறு பகடை உருட்டும்?

ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஜான் வான் நியூமன் 1940களில் ஒரு வழி கூறினார். நான்கு இலக்க எண் ஒன்றை அதனாலேயே பெருக்கி, விடையை எட்டு இலக்கமாக எழுதி, நடுவிலுள்ள நான்கு இலக்கங்களை அடுத்த எண்ணாகக் கொள்ள வேண்டும். 1234ஐ இவ்வாறு பெருக்கினால் 01522756 வரும். அடுத்த எண் 5227. அதிலிருந்து 3215 பிறக்கும். ஆனால், 6100இல் தொடங்கினாலோ 2100, 4100, 8100 எனச் சென்று மீண்டும் 6100க்கே வந்துவிடும். 3792 தன்னையே ஈன்று அங்கேயே நின்றுவிடும்.

1949ஆம் ஆண்டில் லேமர் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் வேறொரு முறையை எடுத்துரைத்தார். முந்திய எண்ணை ஒரு குறித்த எண்ணால் பெருக்கி, மற்றொரு குறித்த எண்ணால் வகுத்து, மீதியை அடுத்த எண்ணாகக் கொள்வதே அம்முறை. பின்வந்தோர் பெருக்கிய தொகையோடு ஓர் எண்ணைக் கூட்டவும் செய்தனர். சான்றாக, 7ஐ 5ஆல் பெருக்கி 3ஐக் கூட்டினால் 38. அதை 16ஆல் வகுத்தால் மீதி 6. இவ்வாறே தொடர்ந்தால் 1, 8, 11, 10, 5, 12 என எண்கள் வரும். 0 முதல் 15 வரையுள்ள பதினாறு எண்களும் ஒவ்வொரு முறை வந்தபின் 7 திரும்பும். வகுக்கும் எண் மிகப் பெரிதாயின் இச்சுற்றும் மிக நீண்டதாக அமையும்.

ஆயினும், மேலே கண்ட வரிசையைக் கூர்ந்து நோக்குக. ஒற்றையெண்ணும் இரட்டையெண்ணும் மாறிமாறியே வருகின்றன! பெரிய எண்களிலும் இத்தகைய ஒழுங்கு ஒளிந்திருத்தல் கூடும். 1960களில் பரவலாக வழங்கிய ராண்டு என்னும் முறையில், அடுத்தடுத்த மூன்று எண்களை ஒரு புள்ளியாகக் கொண்டு குறித்தால், புள்ளிகள் யாவும் 15 தளங்களிலேயே அடங்கிவிடும். இத்தகைய எண்களை நம்பிச் செய்யும் ஆராய்ச்சி பிழைபட நேரும்.

ஆதலின் இவற்றைப் போலிச் சமவாய்ப்பு எண்கள் என்பர். அதே எண்ணில் தொடங்கினால் அதே வரிசை திரும்ப வருதலால், செய்த கணக்கை மீண்டும் சரிபார்க்க இவை உதவும். அதே காரணத்தால், மறைபொருளைக் காக்க இவ்வெளிய முறைகள் உதவா. முறையும் தொடக்க எண்ணும் அறிந்தவன் அடுத்த எண்ணையும் அறிவான். எண்களின் தோற்றத்தைக் கண்டு மயங்காது, அவற்றைப் பலவாறு சோதித்துத் தேர்ந்த பின்னரே பயன்படுத்துதல் அறிவுடையோர் செயலாகும்.