பிடிக்குப் பிடி மோதினால் ஜெயிப்பது யார்?
திருத்தணி ரெயிலடியில் காரசார 'ஜோசியம்'!

திருத்தணி-

சூரனை வதம் செய்த முருகன் கோபம் தணிந்து அமர்ந்த மலை திருத்தணி. அதனால் கந்தசஷ்டிக்கு இங்கே சூரசம்ஹாரம் கிடையாது. மற்ற ஊர்களில் வேல் பாயும் நாளில் இங்கே புஷ்பாஞ்சலிதான்.

மலை மேலேதான் சண்டை இல்லை. மலைக்குக் கீழே, சென்னை ரெயிலுக்குக் காத்திருப்பவர்கள் கூடும் டீக்கடையில் காலை வேளையில் பெரிய சண்டை!

எல்லோர் கண்ணும் ஒரு செல்போன் மேல். அதில் கம்பிவலைக் கூண்டுக்குள் இரண்டு பேர். குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த 'எம்.எம்.ஏ.' சண்டை. இரண்டு பேருமே பிடி போடுவதில் கில்லாடிகள்.

"கறுப்பு நிஜார்தான் சார்! பிடிச்சா விடமாட்டான்" என்றார் ஆபீசுக்குக் கிளம்பிய குமாஸ்தா ஒருவர்.

"போ நைனா! எதிர்ல இருக்கறவனும் பிடிக்கிறவன்தானே? பிடி மேல பிடி விழுந்தா என்ன ஆவும்?" என்று மடக்கினார் பூக்கடைக்காரர்.

சரியான கேள்வி! இந்தக் கேள்விக்கு 100 வருஷத்துக்கு முன்பே நம் நாட்டுப் பயில்வான் ஒருவர் பதில் சொல்லி இருக்கிறார்.

இரண்டரை மணி நேரம்

1910-ம் வருஷம் பஞ்சாப் பயில்வான் காமா லண்டனுக்குப் போனார். அமெரிக்க டாக்டர் ரோலரை மல்லாத்தினார். செப்டம்பர் 10-ந் தேதி போலந்து நாட்டு மல்லன் ஸிபிஸ்கோவுடன் மோதல்.

இரண்டு மலைகள் மோதப் போகின்றன என்று கூட்டம் திரண்டது. நடந்தது என்ன தெரியுமா? சண்டை தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஸிபிஸ்கோ விரிப்பில் குப்புறப் படுத்துவிட்டார். உடும்பு மாதிரி தரையைப் பிடித்துக்கொண்டார். காமா இழுத்தார், புரட்டினார், பயன் இல்லை. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகியும் வெற்றி தோல்வி இல்லை!

செப்டம்பர் 17-ந் தேதி மறுபடியும் மோதல் என்று அறிவித்தார்கள். ஸிபிஸ்கோ வரவே இல்லை. பெல்ட் காமாவுக்குக் கிடைத்தது.

ஒரு நிமிஷம்கூட இல்லை

1928 ஜனவரியில் அதே ஜோடி பாட்டியாலாவில் மீண்டும் மோதியது. இருவருக்கும் 50 வயது நெருங்கிவிட்டது. இடையில் ஸிபிஸ்கோ அமெரிக்காவில் உலக சாம்பியன் பட்டமே வாங்கி இருந்தார்.

'லண்டன் மாதிரி இழுத்தடிக்கும்' என்று நினைத்து வந்தவர்கள் ஏமாந்தார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, ஸிபிஸ்கோ மல்லாந்து கிடந்தார்!

அதே ஆள், அதே பிடி. ஆனால் கணக்கு தலைகீழ்.

முந்தியது கை

இந்தக் காலத்துக் கூண்டிலும் இதே கதைதான். 2022 அக்டோபர் 22-ந் தேதி அபுதாபியில் ரஷியாவின் இஸ்லாம் மகாச்சேவும் பிரேசிலின் சார்லஸ் ஒலிவெராவும் மோதினார்கள். மகாச்சேவ் ஆளைக் கீழே தள்ளி அமுக்குவதில் மன்னன். ஒலிவெரா கீழே கிடந்தபடியே கழுத்தை நெரித்துப் பணிய வைப்பவர்.

தரையில் உருண்டுதான் முடிவு தெரியும் என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் 2-வது ரவுண்டில் மகாச்சேவ் விட்ட குத்தில் ஒலிவெரா சரிந்தார். பிறகுதான் கிடுக்கிப்பிடி. பட்டம் மகாச்சேவுக்கு!

விஷயம் இதுதான். இரண்டு பேரும் பிடி தெரிந்தவர்கள் என்றால் ஒருவர் பிடியை இன்னொருவர் உடைத்துவிடுவார். அப்புறம் முடிவு செய்வது மற்றவை. முதலில் மேலே ஏறி அமர்வது யார்? கம்பிவலையில் முதுகைச் சாய்த்து எழத் தெரிந்தவர் யார்? வேர்வையில் பிடி வழுக்கும் கடைசி ரவுண்டில் மூச்சு யாருக்கு மிச்சம் இருக்கும்? இதை எல்லாம் முன்கூட்டியே யார் சொல்ல முடியும்?

பீஸ் பணம் போச்சு!

இதைக் கேட்டதும் குமாஸ்தாவின் முகம் வாடியது. மெல்ல விஷயத்தைக் கக்கினார்.

"போன மாசம் இப்படித்தான் சார், இவன்தான் ஜெயிப்பான்னு எல்லாரும் சொன்னாங்க. பையனோட ஸ்கூல் பீசுக்கு வச்சிருந்த 3 ஆயிரத்தை செல்போன்லயே கட்டினேன். அஞ்சே நிமிஷம்... எல்லாம் போச்சு. வீட்டுல இன்னும் சொல்லலை" என்றார்.

டீக்கடையில் சிரிப்பு நின்றது.

இணையச் சூதாட்டத்துக்குத் தமிழ்நாட்டில் 2023-ல் தடைச் சட்டம் அமலுக்கு வந்தது. ஆனாலும் ஆசை விடவில்லையே!

மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார்.

"தம்பி, இந்த மலைக்கு 365 படி. பாதி ஏறும்போதே நம்ம மூச்சு தாங்குமான்னு நமக்கே தெரியாது. எங்கேயோ கூண்டுக்குள்ள இருக்கறவன் மூச்சை நம்பி நீ ஏன் பணம் கட்டுறே? சண்டையைப் பாரு, கைதட்டு, அதோட விடு. முதல்ல இன்னிக்கு வீட்டுல உண்மையைச் சொல்லிடு" என்றார்.

ரெயில் வந்தது. குமாஸ்தா செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினார். கறுப்பு நிஜார் ஜெயித்தாரா என்று அவர் பார்க்கவே இல்லை.